டிஎல்பி என்று ஓர் எண்

விடாத இருமலோடு ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கினேன். எக்ஸ்ரே, அப்புறம் சிடி ஸ்கேன். வலது நுரையீரலில் 7 மில்லிமீட்டரில் ஒரு நாட்யூல், அதாவது சின்னக் கெட்டிப் புள்ளி. "பழைய டிபி தழும்பாக்கூட இருக்கலாங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர். 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையிலான கெட்டிப் புள்ளிக்கு 6–12 மாதத்தில் ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் 18–24 மாதத்தில் இன்னொன்று என்பதுதான் மார்பு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல்.

எனக்குப் புள்ளியைவிட ஸ்கேனின் கதிர்வீச்சுதான் உறுத்தியது. வீட்டில் ஸ்கேன் படங்கள் இருந்த குறுந்தட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு கறுப்புப் பக்கம், முழுக்க எண்கள். படத்தில் ரத்தக்குழாய்கள் எடுப்பாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து இல்லாமல் ஒரு முறை, அதை ஏற்றி ஒரு முறை என்று இரண்டு தடவை எடுத்திருந்தார்கள். மொத்த டிஎல்பி, அதாவது ஸ்கேன் முழுவதற்குமான கதிர்வீச்சைக் காட்டும் எண், 760. மார்பு ஸ்கேனுக்கு இதை 0.014-ஆல் பெருக்கினால் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு மில்லிசீவர்ட் என்ற அலகில் வரும்: 10.6. ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1தான்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது, கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கும் லோ டோஸ் ஸ்கேன் போதுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா" என்று சீட்டில் 'லோ டோஸ், பிளெயின்' என எழுதிக் கொடுத்தார்; பிளெயின் என்றால் மருந்து ஏற்றாமல். கேட்டிருக்காவிட்டால் எழுதியிருப்பாரா, தெரியாது.

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் வெறும் 'சிடி செஸ்ட்' என்று பில் போட்டார்கள். உள்ளே போனால் டெக்னீஷியன் மருந்து ஏற்ற நரம்பு தேடி என் கையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்! சீட்டைக் காட்டினேன். "டோஸ் குறைச்சா படம் சொரசொரப்பா வருங்க" என்று இழுத்தார். ரேடியாலஜிஸ்ட்டைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார்: நுரையீரல் முழுக்கக் காற்று, படத்தில் கறுப்பு, கெட்டிப் புள்ளி அதில் வெள்ளையாகத் தனியே தெரியும். படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் நஷ்டமில்லை. முதல் தடவை எடுத்த அதே மெல்லிய ஸ்லைஸில், அதாவது அதே தடிமனுள்ள அடுக்குகளாக, எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று பழைய தட்டையும் வாங்கிக்கொண்டார்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, சில விநாடி. அவ்வளவுதான்.

இந்தத் தடவை டிஎல்பி 98, அதாவது சுமார் 1.4 மில்லிசீவர்ட். புள்ளி அதே 7.

அடுத்தது ஒரு வருடம் கழித்து. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வெளியே வந்து பார்த்தேன். 'லோ டோஸ்' இல்லை. திரும்பவும் மாடி ஏறினேன்.