குளுக்கோஸ் குடித்த காலை

ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் கர்ப்பவதிக் கிளினிக். அவளுக்கு அன்று 26ஆவது கிழமை. சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து வாங்கில் இருத்தினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "மிஸ், நெஞ்சு படபடக்குது" என்று என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்த பிறகுதான் மெதுவாகச் சொன்னாள்: "நான் சென்னையில பைபாஸ் செய்தனான் மிஸ். உடம்பு குறைக்க. மாமிக்குத் தெரியாது."

அவள் வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள் இருந்ததை முதல் கிளினிக்கிலேயே கண்டிருந்தேன். பித்தப்பைக் கல் எடுத்ததாக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தும் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. அட்டையில் நிறைக் கோடு ஏறாமல் கிடந்ததையும் சத்திக் குணம் என்றே எழுதி வைத்திருந்தேன். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

பைபாஸில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு பொருத்திவிடுகிறார்கள். குளுக்கோஸ் தண்ணீர் அங்கே தங்காமல் குடலுக்குள் போய் விழும். அதுதான் அந்தப் படபடப்பு. இப்படியானவர்களுக்கு ஒரு கிழமை விரலில் குத்தி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சீனி பார்த்தால் போதும்.

கலியாணம் முடித்து ஏழு வருடம். சூலகத்தில் நீர்க்கட்டி, மாதவிடாய் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஊர் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. கனடாவில் இருக்கும் தமையன் காசு அனுப்பினான். நிறை இறங்க இறங்க மூன்றாம் மாதமே மாதவிடாய் ஒழுங்காகிவிட்டது. ஆறாம் மாதம் பிள்ளை நின்றுவிட்டது. "ஒன்றரை வருஷம் பொறுக்கச் சொன்னவை மிஸ். எனக்குத்தான் பிள்ளை நிக்காதே எண்டு ஒண்டும் பாவிக்கேல்லை."

ஏழு வருடம் மலடி என்று கேட்ட பிள்ளையிடம் குடும்பக் கட்டுப்பாடு பற்றி யார் பேசியிருப்பார்கள்? ஆனால் பேசத்தான் வேண்டும். கொழுப்புக் கரைய முட்டை வெளிவரத் தொடங்கிவிடும். உடம்போ வேகமாக நிறை இழக்கும் அந்த முதல் 12 - 18 மாதங்களில் தாய்க்கே சத்துப் போதாது, பிள்ளை சிறுத்துப் போகலாம். பைபாஸ் செய்தவருக்கு விழுங்கும் கருத்தடைக் குளிசையை நம்பவும் ஏலாது. கருப்பைக்குள் வைக்கும் லூப் அல்லது கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிதான் பாதுகாப்பு.

அவளிடம் சம்மதம் கேட்டு, அட்டையின் மேலே சிவப்புப் பேனையால் எழுதினேன். கடும் வயிற்றுக்குத்து வந்தால் சூட்டுவலி என்று விடியுமட்டும் பார்த்திருக்காதே, குடல் சிக்குப்பட்டிருக்கலாம், முதல் வார்த்தையாகப் பைபாஸ் என்று சொல் என்றேன். பெரியாஸ்பத்திரியில் இரும்பு, பி12, ஃபோலேட், கல்சியம், வைட்டமின் டி எல்லாம் பார்த்தார்கள். பி12 குறைவு, ஊசி தொடங்கினார்கள். இரும்புக் குளிசை இரவில், கல்சியம் காலையில், இரண்டையும் சேர்த்துப் போடாதே என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

மாமியிடம் அவளே சொல்லட்டும் என்று விட்டேன். இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போனபோது மாமி அடுப்படியில் திரிபோஷாச் சத்துமாவை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று சோற்றைக் குவித்த அதே மனிசி. தட்டில் ஊர்க்கோழி முட்டை ஒன்று, ஒரு துண்டு மீன், கைப்பிடி சோறு. "சீனி போடேல்லை மிஸ், தேங்காய்ப்பூ மட்டுந்தான்" என்று உருண்டையை எனக்குக் காட்டினார்.

38ஆவது கிழமை பெண்பிள்ளை, 2 கிலோ 600. பிறகு ஒருநாள் பிள்ளையை நிறுக்கப் போனேன். மாமி பக்கத்தில் இருக்க, குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்:

"மிஸ், லூப் எப்ப போடலாம்?"