அப்பாவின் எக்ஸ்ரேயில் தெரிந்த பழைய தழும்பு

அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் செப்டம்பர் கடைசியில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது, ராத்திரி படுத்ததும் தொண்டையில் ஏதோ ஊறுகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் இரண்டு தடவை ஆண்டிபயாடிக், மூன்று பாட்டில் சிரப், அம்மாவின் கற்பூரவல்லிக் கஷாயம், எதற்கும் அடங்கவில்லை. ஆறு வாரம் இப்படியே ஓடிவிட்டது. அது எங்கள் தப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

நவம்பரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. வலது மேல் பகுதியில் ஃபைப்ரோடிக் கோடுகள், கால்சியம் படிந்த புள்ளிகள், இதயம் சற்றுப் பெரிது, நுரையீரலின் அடிப்பகுதியில் மார்க்கிங் அதிகம், கடைசியில் ‘பழைய காக்ஸ்’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி. காக்ஸ் என்றால் டிபி. 1882-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக் பெயரை வைத்து, டிபி என்று பச்சையாக எழுதாமல் இப்படி எழுதும் பழக்கம் இங்கே இருக்கிறது. அது எனக்கு அன்று தெரியாது. ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் தேடினேன், தேடத் தேடப் பயம்தான் கூடியது, தங்கச்சி போன் பண்ணி கேன்சராக இருக்குமோ என்று அழுதாள். அப்பா மட்டும் ஒன்றுமே பேசவில்லை. அந்த மௌனத்தைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நெஞ்சக நோய் டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் படிக்கும் முன்பே படத்தை லைட் பெட்டியில் மாட்டினார். எடை குறைந்ததா, சளியில் ரத்தம் வந்ததா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, ராத்திரி வேர்க்கிறதா, குரல் மாறியதா, பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும், எலும்பும் சுண்ணாம்பு படிந்ததும் வெள்ளையாகத் தெரியும், படத்தில் நமக்கு இடது பக்கம் இருப்பதுதான் அப்பாவின் வலது நுரையீரல். பின்பக்க விலா எலும்புகளை விரலால் எண்ணினார். நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படத்தில் ஒன்பது, பத்து தெரிய வேண்டும், இதில் ஏழுதான் தெரிந்தது. படம் எடுக்கும்போது அப்பா இருமிக்கொண்டே இருந்தார், மூச்சைப் பிடிக்க முடியவில்லை. நுரையீரல் முழுதாக விரியாவிட்டால் இதயம் பெரிதாகத் தெரியும், அடிப்பகுதி நெருக்கமாகி வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் குடிக்கச் சொல்லி, நிதானமாக இன்னொரு படம் எடுக்க வைத்தார். அதில் இதயம் சரியான அளவில், நெஞ்சின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு விஷயம் அப்படியே காணாமல் போய்விட்டது.

ஆனால் வலது மேல் பகுதிக் கோடுகள் அப்படியே இருந்தன. டாக்டர் கேட்டார், “ஐயா, உங்களுக்கு எப்பவாவது டிபி வந்திருக்கா?”

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். “1979-ல வந்துச்சு சார். ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும் எடுத்தேன்.”

கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு. அம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று தாத்தா யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருக்கிறார், அது 45 வருடம் அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. “பாதியில விடாம முழுசா எடுத்திருக்கீங்க, அதான் ஆறியிருக்கு” என்றார். டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியில்தான் தங்கும், ஆறின பிறகு தோலில் தழும்பு விழுகிற மாதிரி அங்கே நார்நாராகத் தழும்பு விழும், சுண்ணாம்பும் படியும், அது ஆயுசுக்கும் படத்தில் தெரியும். ஆனால் ஒரே ஒரு படத்தைப் பார்த்து, நோய் திரும்பவும் விழித்திருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பழைய படம் வேண்டும், சளிப் பரிசோதனையும் வேண்டும்.

பழைய படம் எங்கே போவது? அப்போதுதான் 2016-இல் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது ஞாபகம் வந்தது. பரணில் ஏறி, பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்த கவரை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அதே கோடுகள், அதே புள்ளிகள், அதே இடம், எட்டு வருடத்தில் ஒன்றும் வளரவில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அந்தப் படம் இல்லாவிட்டால் சிடி ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும் என்றார்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் டிபி திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல், அதனால் சளிப் பரிசோதனையை விடவே கூடாது என்றும் சொன்னார். அரசு மருத்துவமனையில் இலவசம். அங்கேயே ஒரு டப்பா, மறுநாள் காலையில் எழுந்ததும் ஒரு டப்பா. எச்சில் துப்பினால் பயனில்லை, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து காறித் துப்ப வேண்டும். வறட்டு இருமல்காரருக்கு அது எவ்வளவு கஷ்டம், அந்த லேப் அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சளியில் டிபி கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடும் ட்ரூநாட் பரிசோதனையின் ரிசல்ட்டில் டிபி இல்லை.

சரி, அப்படியென்றால் இருமல் எதனால்? அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். ஆகஸ்டில் பிரஷருக்கு எனலாப்ரில் ஆரம்பித்திருந்தார்கள். அந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும், அது எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. நாங்கள் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், காரணம் மாத்திரை டப்பாவில் இருந்தது. டெல்மிசார்டானுக்கு மாற்றிக்கொடுத்தார். உடனே நிற்காது, சில வாரம் ஆகும், நின்றுவிடாவிட்டால் மறுபடி வாருங்கள் என்றார். மூன்றாவது வாரம் அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். பிரஷர் மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

அம்மாவிடம் அப்பாவே சொன்னார். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் “இத்தனை வருஷம் தனியா வச்சிக்கிட்டு இருந்தீங்களா” என்று மட்டும் கேட்டாள்.

மூன்று படங்களையும் இப்போது ஒரே கவரில் போட்டு, மடங்காமல் பீரோவில் படுக்க வைத்திருக்கிறோம். கவர் மேல் அப்பா தன் கையால் எழுதியிருக்கிறார்: வலது மேல் பக்கம் பழைய தழும்பு, 1979, முழு மருந்தும் எடுத்தாகிவிட்டது.