முக்கால் கிரவுண்ட்

ஜூன் 12, வியாழன்

புது வீட்டில் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இன்ஜினியரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் பிளான் வந்துவிட்டது. 30க்கு 60 அடி, முக்கால் கிரவுண்ட் மனையில் கீழே முழுக்க ஸ்டில்ட், அதாவது வெறும் தூண்கள், கார் நிறுத்த. மேலே இரண்டு மாடி, மூலையில் ஒரு சின்ன லிஃப்ட். இவர் ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சமையலறை அக்கினி மூலையில், தென்கிழக்கில், வருகிறதா என்று அம்மா கேட்டாள். வருகிறது. மேற்குப் பார்த்த மனை என்பதால் அது வீட்டின் பின்பக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு எந்த மாடி?"

முதல் மாடி என்றேன். தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

பாத்ரூமுக்கு 4க்கு 8 போட்டிருக்கிறார்கள். கதவு இரண்டரை அடி, உள்பக்கம் திறக்கிறது. இது எனக்கு ஆகாது. அன்றைக்கு அப்பா உள்ளே விழுந்து கிடந்தபோது கதவைத் தள்ளத் தள்ள அது அவர் மேலேயே இடித்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து கீலைக் கழற்றும்வரை அம்மா வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

வீல்சேர் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இப்போது வாக்கர்தான். ஆனாலும் இன்னும் பத்து வருஷத்தையும் சேர்த்துத்தானே கட்டுகிறோம். 6க்கு 8 கேட்டு எழுதிவிட்டேன். கதவு மூன்றடி. வாசற்படி கூடாது, தண்ணீர் வெளியே வராமல் தரையிலேயே சரிவு கொடுத்தால் போதும். கைப்பிடி வருகிற இடத்தில் சுவர் செங்கல்லாகவே இருக்கட்டும், ஆள் எடை தாங்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

மனையடி சாஸ்திரத்தில் 6ம் நல்லது, 8ம் நல்லதாம். அம்மாவுக்குப் பரம திருப்தி.

ஜூன் 22, ஞாயிறு

அந்த மனையில் இருக்கிற பழைய வீட்டுக்குப் போனோம். மேஸ்திரி டேப்பும் ரச மட்டமும் கொண்டு வந்திருந்தார். வாசல் கதவுக்குப் பின்னால், வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு அப்பா பென்சிலில் போட்ட இரண்டு கோடுகளும் அப்படியே இருக்கின்றன. மேலே 2015 டிசம்பர் 2. கீழே 2023 டிசம்பர் 4. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடவை வெள்ளையடிப்பு நடந்தது, அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் அடிக்கவிடாமல் காப்பாற்றியவர் அப்பாதான்.

மேல் கோடு வீட்டுத் தரையிலிருந்து இரண்டரை அடி. வீட்டுத் தரையோ இன்றைய ரோட்டுக்கு அரை அடி கீழே இருக்கிறது. கட்டியபோது இரண்டு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும், இப்போது இறங்கி வருகிறோம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று உத்தரவே இருக்கிறது. அதற்கு முன்னால் ஏற்றிவிட்டது ஏற்றியதுதான். ஆக, 2015 தண்ணீர் இன்றைய ரோட்டிலிருந்து இரண்டடி. மேஸ்திரி ரோட்டிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு பேஸ்மென்ட் போடச் சொல்கிறார். ரோடு இனிமேலும் ஏறினால் அதற்கு ஒரு அடி, மனசுக்கு அரை அடி.

கீழ்க்கட்டளை ஏரியும் நாராயணபுரம் ஏரியும் நிரம்பினால் பள்ளிக்கரணை சதுப்புக்குத்தான் போக வேண்டும். எங்கள் மடிப்பாக்கம் அந்த வழியில் இருக்கிறது. இதை எந்தப் பிளானும் மாற்றப் போவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா கோயம்புத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் பேசினாள். ஸ்டில்ட்தான் புத்திசாலித்தனமாம். "தண்ணி வந்தா அவரை யாருடி தூக்குவா?" என்கிறாள். நியாயம்தான். 2015ல் நாங்கள் மாடி வீட்டு மாமி வீட்டில் இரண்டு ராத்திரி இருந்தோம், அப்பா அப்போது தானாகவே ஏறினார்.

ஆனால் தண்ணீர் வந்தால் கரண்டை நிறுத்திவிடுவார்கள். லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். பேட்டரி வைத்தாலும் அது ஒருமுறை பத்திரமாக இறங்கத்தான் உதவும். அது கூடப் பரவாயில்லை, தண்ணீருக்கு மேலே பத்திரமாக இருப்பார். மீதி வருஷம் முழுக்க என்ன செய்வார்? காலையில் பேப்பர் வாங்க, டீக்கடை பெஞ்சில் உட்கார, மெட்ரோ தூண் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று மெயின் ரோடுவரை போய்ப் பார்த்து வர, ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட மாட்டார். எனக்குத் தெரியும். ஜன்னலோடு நிறுத்திக்கொள்வார்.

ஜூன் 25, புதன்

கீழ்த்தளம். முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

முடிவு செய்வது சுலபம். மூன்றரை அடி ஏற வாக்கரோடு படி ஆகாது, சாய்தளம் வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் 42 அடி! இன்ஜினியர் பேப்பரைத் திருப்பிப் போட்டு வரைந்து காட்டினார். வீட்டின் முன்னால் வடக்கிலிருந்து தெற்கே 21 அடி ஏறி, ஐந்தடி மேடையில் திரும்பி, மறுபடி வடக்கே 21 அடி ஏறினால் வாசல். மனை அகலம் 30. வாசலுக்கு முன்னால் நிற்க நாலடி மிஞ்சும். அதுதான் மொத்தமும்.

அப்படிப் போட்டால் கார் போக இடமில்லை.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போதும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

இன்னும் பேசவில்லை. கார் அவருடைய முதல் கார்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பாவை பிசியோ சென்டர் சாய்தளத்தில் ஏறவிட்டுப் பார்த்தேன். ஏறுவது எளிதாக இருந்தது. இறங்கும்போதுதான் வாக்கர் முன்னால் ஓடப் பார்க்கிறது, உடம்பு பின்னால் சாய்கிறது. பாதியில் நின்று வலது கையை நீட்டிச் சுவரைத் தேடினார். சுவர் எட்டவில்லை. விரல்கள் காற்றில் இரண்டு தடவை மடங்கி விரிந்தன. அப்புறம் வாக்கரையே பிடித்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கைப்பிடி. தரையில் வழவழ டைல்ஸ் கூடாது, மழையில் நனைந்தாலும் பிடிப்பு இருக்க வேண்டும். மேலே கூரை இழுக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

இரவு இவர் தானாகவே சொன்னார்: "மழைக்கு எப்படியும் வேளச்சேரி பாலத்துலதானே கொண்டுபோய் விடறோம். மத்த நாளைக்குப் பக்கத்து காலி மனையில வாடகைக்கு இடம் கேட்டுப் பாக்கறேன்." போன அக்டோபரில் பாலத்தின் ஓரம் நெடுக வரிசையாகக் கார்கள் நின்றன, எங்களுடையதும் அதில் ஒன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

அப்பா அறை நைருதி மூலையில், தென்மேற்கில், வருகிறது. மேற்குப் பார்த்த மனையில் அது தெருப் பக்கம். வீட்டுப் பெரியவர் அங்கே இருப்பதுதான் முறை என்று அம்மா சொல்கிறாள், எனக்கு ஜன்னலிலிருந்து தெரு தெரிந்தால் போதும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதே, அதுவே சந்தோஷம். இன்ஜினியர் போட்ட 12க்கு 14ல் இரண்டுமே கெட்ட அளவாம். 11க்கு 16 ஆக்கியாயிற்று. கட்டிலின் இரண்டு பக்கமும் மூன்றடி நடக்க இடம் வருகிறதா என்று தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். வருகிறது.

கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு. மறக்கக் கூடாது. 2023ல் தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாக உள்ளே வந்துவிட்டது. ஸ்விட்ச் போர்டு எல்லாம் நாலடிக்கு மேல். மீட்டர் பெட்டி இன்னும் மேலே.

ஜூலை 11, வெள்ளி

அந்தக் கதவை மறுபடி உள்பக்கம் திறக்கிற மாதிரியே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்!

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடி 11லும் வாஸ்து நாள் உண்டு, ஆனால் அம்மா ஆடியில் மண்ணில் கை வைக்கவிட மாட்டாள். ஆவணி 6தான், ஆகஸ்ட் 22. அதற்குள் அனுமதி வாங்க வேண்டும். மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500க்குள் இருந்தால் ஆன்லைனில் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கலாம் என்று 2024 ஜூலையில் வந்துவிட்டது. நம்முடையது 1800 சதுர அடி மனைதான். வரைபடத்தில் இனி எதையும் மாற்றக் கூடாது என்கிறார் இன்ஜினியர்.

மேல் மாடியிலும் ஒரு அறை காலியாக இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்த அன்றே, தரை காய்ந்திருக்கும்போதே, அப்பாவை மெதுவாக மேலே ஏற்றிவிடலாம். படி உயரம் ஆறு அங்குலம், மிதி பதினொன்று, நடுவில் நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு மேடை. இதை அக்காவிடம் சொன்னேன். "சரி, நீ பாத்துக்கோ" என்றாள். கோபமா சம்மதமா தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவுக்குக் காய்ச்சல். பிளான் எதுவும் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

101.

ஜூலை 25, வெள்ளி

சளிதான். இன்று இட்லி சாப்பிட்டார். பிளானை எடுத்து வரச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். சாய்தளத்தை விரலால் ஏறி, மேடையில் நிறுத்தி, மறுபடி ஏறி, வாசலில் வைத்தார். "இங்க ஒரு திண்ணை போட்டா மூச்சு வாங்க உக்காரலாம்" என்றார். இவ்வளவு நாளில் அவராக வேண்டும் என்று கேட்டது இது ஒன்றுதான். போட்டே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா கலந்த சாதம் கட்டினாள். சர்வேயர் வந்து அளந்தார். மனையின் முன்பக்கம் 30 அடி இல்லை. 29 அடி 4 அங்குலம். மதிலுக்கும் போனால் இன்னும் குறையும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாசல் முன் மேடை மூன்றடி சொச்சம்தான் வருகிறது. அதில் வாக்கரை வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாது. திண்ணைக்குப் பேச்சே இல்லை. பேஸ்மென்டை நாலு அங்குலம் குறைக்கச் சொல்கிறார் இன்ஜினியர். அங்குலத்துக்கு ஒரு அடி சாய்தளம் மிச்சம், பக்கத்துக்கு இரண்டடி கிடைக்கும். நாலு அங்குலம் என்பது தண்ணீர்க் கணக்கில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஹாலை உள்ளே தள்ளி வாசலைப் பின்வாங்கச் சொன்னேன். ஹால் 16லிருந்து 14 ஆகும் என்றார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை காலை ஏழு மணிக்கு மேஸ்திரி கயிறு கட்டிக் காட்டுகிறார், அப்பாவும் வருகிறேன் என்கிறார், ஆட்டோ சொல்ல வேண்டும்.