ராத்திரி மூணு மணிக்கு தண்ணி பம்பு ஏன் ஓடுது?

டிர்ர்ர்... ஒரே ஒரு செகண்டுதான், அப்புறம் கப்சிப். கரையில மேயுற ஆடு ஒண்ணு செருமுது, தண்ணி பலகைய தட்டுற மாதிரி ஏதோ சத்தம், சரி தூங்கலாம்னு திரும்பிப் படுத்தா இருபது நிமிஷம் கழிச்சு மறுபடியும் டிர்ர்ர். படுத்திருக்கறது ஏழடி கூட அகலம் இல்லாத நீளமான இரும்புப் பொட்டிக்குள்ள, அதுல எந்த மூலையில எது கத்துனாலும் நம்ம தலைமாட்டுல கத்துற மாதிரியேதான் இருக்கும்.

இங்கிலாந்து வந்து பத்து வருஷம் ஆச்சு, கால்வாய்ல போட்டுல போனது இதுதான் முதல் தடவ. நண்பன் ஒருத்தன் வேலைய வீட்டுலருந்தே பாத்துக்கலாம்னு ஆனதும் வாடகை வீட்ட காலி பண்ணிட்டு 57 அடி நீளத்துல பழைய நேரோபோட், அதாவது கால்வாய்ல போற ஒடுக்கமான போட்டு, ஒண்ணு வாங்கி பொண்டாட்டியோட அதுலயே குடியிருக்கான். ரென்பரிங்கற ஊர்ல இருந்து வேல்ஸ்ல இருக்கற லாங்கோலன் வரைக்கும் போறோம், அஞ்சு நாள் லீவு போட்டுட்டு வாடான்னு கூப்ட்டான். கூப்ட்டதுக்கு அசல் காரணம் ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சுது. எங்கப்பா கோயமுத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருந்தவரு, நான் ஸ்கூல் விட்டு வந்து அங்கதான் உக்காந்திருப்பேன், இது அவனுக்குத் தெரியும்.

முதல் நாள் நல்லாத்தான் போச்சு. ரென்பரில ரோட்டுக்குக் குறுக்க தூக்குப்பாலம், சாவி போட்டு பட்டன அமுக்குனா கேட்டு மூடி காரெல்லாம் நின்னு பாலம் அப்படியே மேல எந்திரிக்குது, நமக்காக நாலஞ்சு காரு காத்துட்டு நிக்கறத பாக்க கொஞ்சம் கூச்சமாவும் கொஞ்சம் கெத்தாவும் இருந்துது. கிரிண்ட்லி புரூக்ல மூணு லாக், அதாவது தண்ணி மட்டத்த ஏத்தி எறக்கி போட்ட தூக்கி விடற கதவு வச்ச தொட்டி, படிக்கட்டு மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கும், ஒண்ணோட மேல்கதவு அடுத்ததோட கீழ்கதவு. விண்ட்லாஸ்னு ஒரு இரும்புக் கைப்பிடி, அத மாட்டி சுத்துனாதான் மடை திறக்கும். ராத்திரி தோள்பட்டை ரெண்டும் கழண்டு தனியா வச்ச மாதிரி இருந்துது.

ரெண்டாவது நாள் சாயங்காலம் எல்ஸ்மியர் பக்கத்துல பிளேக் மியர்னு ஒரு ஏரி, கால்வாய ஒட்டியே இருக்கு, நடுவுல மரமும் நடைபாதையும் மட்டும்தான். அங்க கட்டிப் போட்டோம். தங்கச்சி, அதான் அவன் பொண்டாட்டி, ரசம் வச்சுது. எட்டு மணிக்கு மேல காலைல எட்டு வரைக்கும் கட்டிப் போட்ட இடத்துல எஞ்சின் ஓட்டக்கூடாதுங்கறது இந்தக் கால்வாய்ல மொற, அதனால அப்புறம் எல்லாமே பேட்டரிதான். ஒம்போது மணி இருக்கும், ஃபிரிட்ஜ் கீக் கீக்னு கத்திட்டு நின்னு போச்சு. கொஞ்ச நேரத்துல தானா ஓடுது, தங்கச்சி குழாய திறந்து தண்ணி பம்பு ஓடுனா மறுபடியும் நின்னுடுது.

"பேட்டரி செத்துப் போச்சு மச்சான், மூணையும் மாத்தணும்"னான். எப்ப இருந்துடா இப்பிடின்னு கேட்டா ரெண்டு மாசமாவாம். ஆன்லைன்ல புது பேட்டரிக்கு வெல கூட பாத்து வச்சிருக்கான், ராத்திரி பூரா பம்பு தானா ஓடித்தான் பேட்டரிய குடிச்சுடுதுன்னு அவனா ஒரு முடிவும் பண்ணி வச்சிருக்கான்.

இந்தக் கணக்கு எனக்கு ஒத்துக்கல. பம்பு மேல 5 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. இருபது நிமிஷத்துக்கு ஒரு செகண்டுன்னா பத்து மணி நேரத்துக்கு முப்பது செகண்டு. அர நிமிஷம் ஓடுற பம்பு 330 ஆம்பியர்-ஹவர் பேட்டரிய, அதாவது கணக்குப்படி அஞ்சு ஆம்ப்ஸ அறுபத்தாறு மணி நேரம் குடுக்கறத, காலி பண்ணுதுன்னா, எறும்பு கடிச்சு யானை செத்த கதைதான். ஆனா மூணு மணிக்கு முழிச்சுக் கெடந்தப்ப ஒண்ணு கண்ணுல பட்டுது: டிர்ர்ர்னு பம்பு எழுந்திரிக்கறப்பல்லாம் பாத்ரூம் லைட்டு ஒரு தடவ மங்கி மறுபடி பளிச்சுன்னு வருது. அஞ்சு ஆம்ப்ஸுக்கு அந்த லைட்டு அப்பிடி மங்கக் கூடாது.

காலைல காப்பி குடிச்சுட்டு மல்டிமீட்டர எடுத்தேன். அவன் பேனல் மீட்டர்ல 12.5 வோல்ட், ஆசிட் பேட்டரிக்கு அது முக்காவாசி சார்ஜுன்னு வச்சுக்கலாம், அதனாலதான் அவனும் குழம்பிட்டான், மீட்டர் நல்லா இருக்குங்குது ஃபிரிட்ஜ் நிக்குதுன்னு. தங்கச்சிய குழாய திறந்து வச்சுக்கச் சொல்லிட்டு பம்பு ஒயர்லயே மீட்டர வச்சேன். 10.6. அதே நேரத்துல அவன் பேட்டரி மேல வச்சுப் பாக்கறான், 12.4. கிட்டத்தட்ட ரெண்டு வோல்ட்டு வழியில எங்கயோ காணாமப் போகுது! வீட்டு கரண்டுல ரெண்டு வோல்ட்டு போனா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது, 12 வோல்ட்டுல அது ஆறுல ஒரு பங்கு. குழாய மூடிட்டா பம்பு ஒயர்லயும் ஏறிடுது, அதனால லோடு இல்லாம செக் பண்ணுனா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பேனல் மீட்டரும் பொய் சொல்லல, அதோட ஒயர் நேரா பேட்டரிக்குப் போகுது, அது பாக்கற எடம் வேற.

அப்புறம் பின்னாடி எஞ்சின் பலகைய தூக்கிட்டு மீட்டரோட ஒரு முனைய பேட்டரி பிளஸ்ல வச்சுக்கிட்டு இன்னொரு முனைய ஒவ்வொரு ஜாயிண்டா நகத்திட்டே போனேன், மெயின் ஐசொலேட்டர்னு மொத்த கரண்டையும் கட் பண்ற செவப்பு சாவி வச்ச சுவிட்சு, அதத் தாண்டுனதும் 1.6னு காட்டுது. பின்பக்கம் கைய வச்சா சுடுது. கேபிள் முனை நட்டு விரலாலயே சுத்த வருது, லக்கு, அதான் கேபிள் முனையில மாட்டுற வளையம், பூரா பச்சையா பூத்துக் கெடக்கு, சுத்தி இருந்த கருப்பு உறை லேசா உருகி பிசுபிசுன்னு இருந்துது. ரெண்டு மாசமா அதுதான் அங்க ஹீட்டர் வேலை பாத்துட்டு இருந்திருக்கு, நல்லவேளையா தீப்பிடிக்கல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், 12 வோல்ட்டு ஷாக் அடிக்காதுன்னு எல்லாரும் அசால்ட்டா கைய விடுவாங்க, ஷாக் அடிக்காதுதான், ஆனா ஸ்பானர் பிளஸ்லயும் இரும்பு பாடிலயும் ஒரே நேரத்துல பட்டா ஒட்டிக்கிட்டு பழுத்துடும். மோதிரத்த கழட்டி சட்டப் பையில போட்டுட்டு, மைனஸ் கேபிள மொதல்ல எடுத்துட்டுத்தான் தொட்டேன். பழைய லக்கோட உருகுன எடத்த வெட்டி, கேபிள் முனைய உப்புத்தாள் போட்டு செம்பு தெரியற வரைக்கும் தேச்சு, புதுசா ஒரு லக்கு கிரிம்ப் பண்ணி நட்ட இறுக்கி, மறுபடி குழாய திறந்து பாத்தா பம்புல 12.1. பம்போட சத்தமே மாறிடுச்சு, நேத்து வரைக்கும் முக்கிட்டு இருந்தது இப்ப கணீர்னு ஓடுது. அவன் மொகத்த பாக்கணுமே.

ஆனா டிர்ர்ர் நிக்கல.

பம்பு தானா ஓடுதுன்னா பைப்புல பிரஷர் எறங்குது, அதாவது எங்கயோ தண்ணி போகுது. பம்புக்கு அடுத்தாப்ல இருந்த வால்வ மூடிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம், சத்தமே இல்ல, அப்ப பம்பு நல்லா இருக்கு, அதுக்கு அப்பால உள்ள பைப்புலதான் கசிவு. ஒவ்வொரு ஜாயிண்டுக்கு அடியிலயும் டிஷ்யூ பேப்பர் வச்சோம், சிங்க்கு, ஷவர், வாஷ்பேசின், எல்லாமே காஞ்சு கெடக்கு. போட்டோட அடியில கைய விட்டுப் பாத்தா அங்கயும் ஈரம் இல்ல. அப்ப தண்ணி எங்கதான் போகுது?

வெளிய! சுடுதண்ணி டேங்க்கு, கேலரிஃபயர்னு சொல்றாங்க, எஞ்சின் கூலண்ட்டு சூட்டுல தண்ணி காயுற சமாச்சாரம், ரொம்ப நல்ல ஐடியா அது. தண்ணி சூடானா விரியும், பிரஷர் ஏறுனா வெளிய விடறதுக்கு செவப்புக் குமிழ் வச்ச வால்வு ஒண்ணு இருக்கு, அதோட பைப்பு நேரா போட்டோட பக்கவாட்டு ஓட்டைக்குப் போகுது. பின்னாடி குப்புறப் படுத்துட்டு தலைய மட்டும் வெளிய நீட்டிப் பாத்தேன். ஓட்டையில சொட்டு ஒண்ணு கெட்டியாகி, தொங்கி, விழுந்து, கால்வாய்த் தண்ணில சின்னதா ஒரு வளையம், அது கலையறதுக்குள்ள அடுத்தது. ரெண்டு செகண்டுக்கு ஒரு சொட்டு.

வால்வுக்குள்ள சுண்ணாம்புத் துணுக்கு மாட்டியிருக்கும்னு குமிழ நாலஞ்சு தடவ திருகி தண்ணிய வேகமா விட்டேன், நின்னுடுச்சு. அதோட விடல, விரியற தண்ணிய வாங்கிக்கற மாதிரி அக்யூமுலேட்டர்னு காத்தடிச்ச சின்ன உருண்டை டேங்க்கு ஒண்ணு இருக்கு, அதுல காத்தே இல்ல, அது வேல செய்யாததாலதான் வால்வு தினமும் தொறந்திருக்கு. பம்ப ஆஃப் பண்ணி குழாய திறந்து வச்சுட்டு, கூரை மேல கெடந்த அவன் சைக்கிள் பம்பால காத்தடிச்சோம், பம்பு ஆன் ஆகுற பிரஷருக்கு ரெண்டு பிஎஸ்ஐ கம்மியா.

மறுநாள் சர்க் சுரங்கம் தாண்டி பான்ட்கசில்டி, கால்வாயவே ஆத்துக்கு மேல தூக்கிட்டுப் போற பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805ல திறந்தது, 38 மீட்டர் உசரத்துல 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி, அதுலதான் போட்டு போகுது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும், இன்னொரு பக்கம் கைப்பிடி கூடக் கிடையாது, தொட்டி விளிம்பு தண்ணிக்கு மேல ஒரு சாண் கூட இருக்காது, எட்டிப் பாத்தா நேரா கீழ டீ ஆறு. தண்ணி எதிர்ல வர்றதால போட்டு ஊர்ந்துதான் போச்சு. ரெண்டு பேரும் பேசாம நின்னுட்டு இருந்தோம்.

டிர்ர்ர்ர்ர்.

அவன் என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். யாரும் மூச்சு விடல.

"அண்ணா, அரிசி கழுவுறேன்!"னு உள்ள இருந்து தங்கச்சி கத்துச்சு.