மருந்து போட்டா மட்டும் தண்ணி தெளியாது

கல்குளம் பக்கம் ஒரு கிரஷர்ல கழிவுத் தண்ணி பாத்துக்குற வேலைல கொஞ்ச காலம் இருந்தேன். சுரங்கத் தண்ணின்னாலே ஆசிட்னு தான் எல்லாரும் நினைப்பாங்க, மேகாலயா நிலக்கரி பக்கம் அப்படி தான், பாறைல உள்ள கந்தகம் காத்தும் தண்ணியும் பட்டு அமிலமாகும், சுண்ணாம்பு போட்டு சரி பண்ணணும். நம்ம பக்கம் கல்குவாரில தலைவலி வேற, கல்மாவு. எம் சாண்ட் கழுவும்போது 75 மைக்ரானுக்கு கீழ உள்ள மாவு பூரா தண்ணியோட வந்துரும், அத அப்படியே ஓடைல விட்டா வள்ளியாறு வரைக்கும் கலங்கி போகும், சானல்ல படிஞ்சு வயல் தண்ணிய அடைக்கும், மீனுக்கு செவுள்ல ஒட்டும். ஆத்துல விடணும்னா லிட்டருக்கு 100 மில்லிகிராம் துகளுக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது விதி.

எனக்கு பிடிச்ச வேலை ஜார் டெஸ்ட், எவ்வளவு மருந்து போட்டா தண்ணி தெளியும்னு சின்ன அளவுல போட்டு பாக்குறது. வரிசையா ஆறு பீக்கர், படிகாரம் ஒண்ணுக்கொண்ணு கூட்டி போட்டு, முதல்ல வேகமா கலக்கி அப்புறம் மெதுவா கலக்கி, துகள ஒட்டி சேக்குற பாலிமர் கொஞ்சூண்டு விட்டா பால் திரிஞ்ச மாதிரி திரண்டு கீழ இறங்கும். பாலிமர் கூடிப்போச்சோ, தண்ணி வழுவழுன்னு ஆகி பழையபடி கலங்கல் தான்.

ஆனா பீக்கர்ல தெளியறது, சேறு படிய விடுற பெரிய தொட்டில தெளியாது, ஏன்னா தொட்டில இடமே இருக்காது. பம்ப் ஓட்டுற அண்ணன் கேப்பாரு, "சாரே, உள்ள வெள்ளம் எங்க இருக்கு, பூரா சேறுல்லா, மருந்த எங்க கொண்டு விட?" நியாயமான கேள்வி. சேறு ஏற ஏற தண்ணி நிக்காது, இந்தப் பக்கம் விழுந்து அந்தப் பக்கம் ஓடிரும். மருந்துக்கு காசு தருவாங்க, சேறு அள்ள ஜேசிபி கேட்டா முகம் மாறும். அள்ளி வெளிய போட்டாலும் காயணுமே, ஆனி ஆடில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகைல இன்னொண்ணு, குமரி மாவட்டத்துல சேறு காயறதுக்கு எங்க நேரம்?

கடைசில ஃபில்டர் பிரஸ் வந்துச்சு, சேத்த தட்டுகளுக்கு நடுவுல அமுக்கி தண்ணிய பிழியற மெஷின். தட்டு விரியும்போது ஈரமண் கட்டி கட்டியா விழும், நேரா லாரில ஏத்திரலாம், பிழிஞ்ச தண்ணி திரும்ப மணல் கழுவ போகும். ஆறு கெட்டுப்போகுதுன்னு சொன்னப்ப கேக்காத மொதலாளி, கோடைல வந்த டேங்கர் பில்ல பாத்துட்டு தான் சம்மதிச்சாரு. சரி, எப்படியோ வந்துச்சே.

இன்னும் ஒண்ணு பாக்கி. குவாரிய சுத்தி மழைத்தண்ணிக்கு தனி வாய்க்கால் இல்லன்னா எந்த மெஷின் வச்சும் வேஸ்ட், மேட்டுலருந்து வர்ற நல்ல தண்ணியும் சேத்துல விழுந்து மொத்தமும் நம்ம தலைல வரும். எங்க இடத்துல பாதி வெட்டிட்டாங்க, மீதி பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரரோட எல்லைத் தகராறுல நின்னுபோச்சு.