இடது கை திரும்பும் வழி

மார்ச் 2

குத்துச்சண்டைப் பயிற்சி, தனியாக. மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. ஆறு சுற்று முடித்தேன். நான்காவது சுற்றிலேயே தோள் இரண்டும் கல்லாகிவிட்டன. கையை முகத்தருகே தூக்கி வைத்திருப்பதே இவ்வளவு பெரிய வேலை என்பது வீடியோ பார்க்கும்போது தெரிவதில்லை.

மார்ச் 3

போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து, முதல் முறையாக என்னையே படம் எடுத்தேன். பார்த்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜாப், அதாவது முன்னால் இருக்கும் இடது கையால் நேராக விடும் குத்து, போகும் வழி நன்றாகத்தான் இருக்கிறது. தோள் எழும்பி மோவாயை மறைக்கிறது. முழங்கை வெளியே விரியவில்லை. கை நீண்டு முடியும் இடத்தில் முஷ்டி திரும்புகிறது. ஐந்து மாதம் இதற்குத்தான் உழைத்தேன். ஆனால் திரும்பி வரும் வழி? கை போன கோட்டிலேயே வராமல் மார்புக்குக் கீழே தொங்கி, அங்கிருந்து ஏறி, நிதானமாகக் கன்னத்துக்கு வந்து சேர்கிறது. கிணற்றில் வாளியை விட்டு இழுப்பதுபோல. பதினாறு ஜாப் எண்ணினேன். பதினாறிலும் அதேதான்.

அந்த நேரத்துக்குள் எதிரே நிற்பவரின் வலது கை என் தாடைக்கு வந்துவிடும். எதிரே யாரும் இல்லாததால்தான் ஐந்து மாதமாக இது தெரியவில்லை.

மார்ச் 4

இருபது ஜாபில் பதினெட்டு முறை கை தொங்கியது.

மார்ச் 5

தூக்கம் வரவில்லை. மறுபடியும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். 1936 ஜூன் 19, யாங்கி ஸ்டேடியம். ஜோ லூயிஸ் அதுவரை தொழில்முறைச் சண்டையில் தோற்றதே இல்லை. எதிரே மாக்ஸ் ஷ்மெலிங், முன்னாள் சாம்பியன், வயது முப்பது. அவர் ஜெயிப்பார் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர் லூயிஸின் பழைய சண்டைகளைப் படச்சுருளில் உட்கார்ந்து பார்த்திருந்தார். ஜாப் விட்டதும் லூயிஸின் இடது கை கீழே இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நான்காவது சுற்றில் லூயிஸை விழவைத்தார், பன்னிரண்டாவதில் ஆட்டம் முடிந்தது. எல்லாம் அந்த ஒரு வலது கை.

லூயிஸ் அருகில் ஜாக் பிளாக்பர்ன் இருந்தார். தானே குத்துச்சண்டை வீரராக இருந்தவர், கண் தேர்ந்த பயிற்சியாளர். அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தும் அந்தத் தப்பு அந்த இரவு வரை உயிரோடு இருந்திருக்கிறது என்றால், ஓர் அறையில் தனியாக, ஒரு கண்ணாடியையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 1938 ஜூன் 22 அன்று அதே மைதானத்தில் லூயிஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்தார், 2 நிமிடம் 4 நொடியில். இதை நினைத்து ஆறுதல் அடைய நினைக்கிறேன். ஆனால் அவருக்கு ஷ்மெலிங் அடித்துக் காட்டினார். எனக்கு?

மார்ச் 6

கற்றுத்தரச் சொல்லிக் கேட்டிருந்த பயிற்சியாளரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மார்ச் 8

இரண்டு ஆணிகளுக்கு நடுவே தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டினேன். தலையைத் தாழ்த்தி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் போய் வருவதற்காக. இடுப்பை வளைத்தால் பார்வை தரைக்குப் போய்விடும். முழங்காலை மடக்கினால்தான் கண் எதிரே இருக்கும். இது நன்றாக வருகிறது.

அப்புறம் தோன்றியது: அதே கயிற்றுக்கு மேலாக ஜாப் விட்டால்? திரும்பும்போது கை கயிற்றில் பட்டால் தப்பு. ஐம்பது ஜாப், நாற்பத்தொரு முறை பட்டது. மணிக்கட்டின் கீழ்ப்பக்கம் சிவந்துவிட்டது. இருந்தாலும் இன்றைக்குத்தான் யாரோ என்னைத் திருத்தியதுபோல இருந்தது.

மார்ச் 9

வலது ஹூக், முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து. பஞ்சிங் பேக் என் பக்கம் ஆடி வந்துகொண்டிருந்தபோது அடித்தேன். மணிக்கட்டு உள்ளே மடங்கிவிட்டது. கைக்கட்டைத் தளர்வாகச் சுற்றியிருந்தேன், அவசரத்தில். சுண்டுவிரல் பக்கம் வீங்குகிறது. எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 10

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. அடி முதல் இரண்டு விரல் முட்டிகளில் விழாமல் வெளிப்பக்கம் விழுந்தால், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் கழுத்து உடையலாம். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முஷ்டி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது அதிகம் வருவதில்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த வரி உள்ளே போய்த் தைத்துவிட்டது. வலது கைக்குப் பத்து நாள் ஓய்வு.

மார்ச் 11

இடது கை மட்டும். கயிறு. முப்பத்திரண்டு முறை பட்டது.

மார்ச் 12

அடிக்க முடியாததால் பார்க்கிறேன், நிறையப் பார்க்கிறேன். இன்று முழுக்க முகமது அலி. 1966 நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸோடு ஆடிய மூன்று சுற்றுகளை எத்தனை முறை பார்த்தேனோ. கைகள் இடுப்பில். அடி வரும்போது தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார், ஒரு விரல்கடை தள்ளி அது கடந்து போகிறது. ஆரம்பத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் கையைத் தளர்வாக வைக்கத் தொடங்கினேனோ என்று இன்று சந்தேகம் வந்தது. அவருடைய கைகள் தாழ்ந்திருந்ததற்கு அவர் கண்ணும் கால்களும் ஜாமீன். அந்த அலியையே 1971இல் பதினைந்தாவது சுற்றில் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக் கீழே தள்ளியது. எனக்கு யார் ஜாமீன்?

வீடியோக்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஒன்று முஷ்டியைத் திருப்பு என்கிறது, இன்னொன்று திருப்பாதே என்கிறது, அது பரவாயில்லை. நான் அவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை. அதுதான் குறை. இனிமேல் ஒரே ஒருவருடைய வீடியோக்களை மட்டும் பார்ப்பதாக முடிவு.

மார்ச் 14

பதில் வந்துவிட்டது. 21ஆம் தேதி, காலை ஆறு மணி. “கையுறை வேண்டாம். ஷூ போட்டுக்கொண்டு வா.” அவ்வளவுதான்.

மார்ச் 15

காலையில் சந்தோஷம். மாலைக்குள் பயம். ஐந்து மாதமாகத் தினமும் ஒரு தப்பைப் பழகியிருக்கிறேன். சரியாகக் கற்றது போலவே தப்பாகக் கற்றதும் உடம்பில் ஊறிவிடும். ஒன்றுமே தெரியாமல் போயிருந்தால் அவருக்கு வேலை சுலபம். இப்போது அழித்துவிட்டு எழுத வேண்டும். அழியவில்லை என்றால்?

மார்ச் 16

பத்தொன்பது.

மார்ச் 18

வேகமாக விட்டால் கை தொங்குகிறது, மெதுவாக விட்டால் தொங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. பதிவை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தேன். கை நீண்டு முடிந்த இடத்திலேயே உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. ஏன் சாய்கிறது என்று தெரியவில்லை. படம் இடுப்போடு வெட்டுப்படுகிறது.

மார்ச் 20

வீக்கம் வடிந்துவிட்டது. முஷ்டி மூட முடிகிறது. இன்று ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 21

“எங்கே, ஒரு ஜாப் போடு பார்க்கலாம்.”

போட்டேன். இடது கையைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை. என் பின்னால் போய் நின்றார். இன்னும் நான்கு போடச் சொன்னார். அப்புறம் சுண்ணாம்புக் கட்டியால் என் இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டு, மறுபடி நான்கு ஜாப் முன்னேறச் சொல்லி, புதிய இடத்திலும் கோடு போட்டார். “பார்.”

முதல் கோடுகளுக்கு நடுவே தோள் அகலம். அடுத்ததில் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒவ்வொரு ஜாபுக்கும் முன்கால் போகிறது, பின்கால் பாதி தூரம்தான் வருகிறது. நான்காவது ஜாபில் எடை முழுவதும் இடது முழங்காலில். விழாமல் இருக்க உடம்பு இடது கையைக் கேட்கிறது, கை கீழே போகிறது. ஐந்து மாதமாக நான் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் போன் இதுவரை ஒரு முறைகூடப் பாதங்களைப் படம் எடுத்ததில்லை.

லூயிஸைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. “அவருக்குக் கால் சரியாக இருந்தது” என்றார்.

மார்ச் 22

இன்று குத்தே கிடையாது. முன்கால் எவ்வளவு போகிறதோ பின்கால் அவ்வளவு வர வேண்டும். திரும்பும்போது பின்கால் முதலில். வலது குதிகால் தரையைத் தொட்டால் அந்தச் சுற்று செல்லாது, முதலிலிருந்து. போன் தரையில் இருக்கிறது.

மூன்று சுற்று செல்லவில்லை. நான்காவது செல்லும். இப்போது ஓய்வு நிமிடம், இன்னும் பத்து நொடி