சுண்டு விரலில் தொடங்கும் எண்ணிக்கை

போன கோடையில் நியூ ஜெர்சியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் கராஜ் சேல் போட்டிருந்தார்கள். பழைய வீடியோ கேம் சாமான்களுக்கு நடுவில் சாம்பல் நிறக் கையுறை ஒன்று, முன்கையில் ரிமோட் மாதிரி பொத்தான்களோடு கிடந்தது. பவர் க்ளவ்! நின்டென்டோ கேம் ஆட 1989இல் மேட்டல் விற்றது. இருபது டாலர் கொடுத்து வாங்கி வந்து, அன்று ராத்திரியே வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கும்பகோணத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். எனக்கும் வாரம் ரெண்டு நாள் வகுப்பு உண்டு, இதே வீடியோ காலில்தான். பாட்டு கேட்கிறது, தாளம்தான் பிரச்சினை. தொடையில் தட்டும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து ஆப் அமுக்கிவிடுகிறது. கையைக் காட்டி உட்கார்ந்தால் முகம் தெரியாது. "எந்த விரல்ல இருக்கேன்னே தெரியலடி" என்பார் அம்மா.

கையுறையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சுண்டு விரலுக்கு எங்கடி ஒயரு?"

இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், இந்த நாலோடு சரி. குத்துச்சண்டை ஆட அது போதும். நம் தாளத்தின் லகுவோ (ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும் சேர்ந்த பகுதி) தட்டு முடிந்ததும் சுண்டு விரலில்தான் எண்ணத் தொடங்குகிறது.

பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலின் மேலும் கார்பன் மை பூசிய ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறது. விரல் மடங்கினால் மைப்பூச்சு இழுபட்டு மின்தடை ஏறும். இதற்கு முன்னோடி விபிஎல் நிறுவனத்தின் டேட்டா க்ளவ். ஆயிரக்கணக்கான டாலர் விலை, உள்ளே ஒளியிழை. அதே யோசனையைப் பொம்மைக் கடை விலைக்கு இறக்கிக் கொண்டுவந்தது இந்த மைப்பட்டைதான். செய்தவர்களை மனசார மெச்சுகிறேன். ஆனால் பழைய சர்க்யூட் ஒரு விரலுக்கு நாலே நிலைதான் சொல்லும். தாளத்தில் விரல் முழுசாக மடங்குவதில்லை, லேசாகத் தாழ்ந்து தொட்டு எழும். அது இந்த நாலில் அகப்படாது.

அதனால் பழைய போர்டைக் கழற்றிவிட்டு, ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி போர்டை வைத்தேன். பட்டைகள் நேராக அதன் அனலாக் பின்களுக்குப் போகின்றன. 0 முதல் 1023 வரை எண் கிடைக்கிறது. ஏ4, ஏ5 பின்கள் இரண்டையும் கையின் அசைவை அளக்கும் எம்பியூ-6050 சென்சார் எடுத்துக்கொண்டது. அதனால் நாலு விரல் ஏ0 முதல் ஏ3 வரை, சுண்டு விரல் ஏ6.

சுண்டு விரலுக்கு 2.2 அங்குல ஃப்ளெக்ஸ் சென்சார் (இதுவும் வளைந்தால் மின்தடை ஏறும் பட்டைதான்) வாங்கினேன். நேராக இருக்கும்போது சுமார் 25 கிலோ ஓம். கூட ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர். விரல் நீட்டியிருந்தால் 668 பக்கம் எண் நிற்கிறது, தாழ்ந்தால் 560க்கு இறங்குகிறது. பட்டையை இரண்டு முனையிலும் ஒட்டிவிடக் கூடாது. விரல் மடங்கும்போது மேல்பக்கம் நீளுமே, பட்டை வழுக்கிப் போக இடம் வேண்டும். பாவாடை நாடாவில் இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓரம் தைத்து உறை செய்தேன். நகத்துப் பக்கம் மட்டும் தையல், மணிக்கட்டுப் பக்கம் திறப்பு. பின்கள் சேரும் இடம்தான் சீக்கிரம் ஒடியும் என்பதால் அங்கே ஒரு துண்டு தடிமனான பிளாஸ்டிக் வைத்துக் கட்டினேன்.

எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தால், சுண்டு விரலைத் தாழ்த்தும்போது மோதிர விரலும் கூடவே இறங்கியது. சென்சார் மேல் தப்பில்லை, கையின் அமைப்பே அப்படி. வெறுங்கையில் நீங்களும் மடக்கிப் பாருங்கள். மூன்று வாரம் அளவை மாற்றி மாற்றி வைத்தும் பலனில்லை. கடைசியில், எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது முதலில் இறங்கியது என்று பார்க்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

தட்டும், கையைத் திருப்பிப் போடும் வீச்சும் சுலபம். தட்டினால் எம்பியூவில் ஒரு குதிப்பு தெரியும் (முதலில் வைத்த அளவெல்லை ±2ஜியில் எண் முட்டி நின்றது, எல்லையை ±8ஜி ஆக்கினேன்). வீச்சில் உள்ளங்கை மேலே திரும்ப, புவியீர்ப்பு காட்டும் எண் குறி மாறும்.

எட்டு விளக்கு உள்ள பட்டை ஒன்று கேமராவுக்கு எதிரே மேஜையில் நிற்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு எட்டு விளக்கு; கை எந்த எண்ணிக்கையில் இருக்கிறதோ அந்த விளக்கு எரியும். இணையம் தாமதித்தாலும் பாட்டும் விளக்கும் ஒன்றாகத்தானே போய்ச் சேர்கின்றன! முதல் நாள் அம்மா இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) பேசாமல் பார்த்தார். மூன்றாவதில், "நிறுத்து. நடுவிரல்லேர்ந்து தட்டுக்கு ஓடறே" என்றார். ஆமாம், நாலாவது விளக்கு எரிந்ததும் அணைந்துகொண்டிருந்தது. எனக்கே அதுவரை தெரியாது.

ஆள்காட்டி விரல் பட்டையின் வாலில் நேராக ஈயம் வைக்கப்போய், சூட்டில் பிளாஸ்டிக் சுருங்கி மைப்பூச்சு பெயர்ந்துவிட்டது. ஆதி தாளத்துக்கு அந்த விரல் வேண்டாம் என்று அப்படியே விட்டிருந்தேன். நேற்று அம்மா, "அடுத்த மாசம் அட தாள வர்ணம் ஆரம்பிக்கலாம்" என்றார். அதில் கண்ட ஜாதி லகு, அதாவது அஞ்சு எண்ணிக்கை லகு, இரண்டு; ஒவ்வொன்றிலும் அஞ்சாவது எண்ணிக்கை ஆள்காட்டி விரல். புதுப் பட்டைக்கு ஆர்டர் போட்டாயிற்று. இந்தத் தடவை ஈயம் வேண்டாம், அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டர்தான். கடைசியில் வரும் தட்டு வீச்சு நாலும் சேர்த்து விளக்கும் பதினாலு வேண்டும், எட்டு விளக்கு உள்ள இன்னொரு பட்டையைத் தொடுக்க வேண்டும்.